மாதிரி மூட்டை

காரைக்கால்,
18 ஜனவரி 2024

அல்லிக்கு,

சீமைக்கு அனுப்பிய மாதிரி மூட்டை திரும்பி வரவில்லை. அதனால் நாலு டன் நெத்திலிக் கருவாடு வாங்கிக் கிடங்கில் அடுக்கிவிட்டேன். இப்போது அதை எடுக்கவேண்டிய அம்மாள் எழுதுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

நான் நலம். வீட்டில் சொர்ணத்துக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. நீ நலமா என்று கேட்க எனக்குப் பாத்தியம் இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். மேலே வெறும் பெயரை எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. 'மருமகளுக்கு' என்று எழுதத்தான் பேனா போனது. கோர்ட்டில் நீயும் என் மகனும் பிரிந்த பிறகு அந்தச் சொல் செல்லுமோ செல்லாதோ. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

உன் போன் நம்பர் இங்கே யாரிடமும் இல்லை. போலகத்துக்குப் போய் உன் அப்பாவைக் கேட்டேன். "நம்பரு குடுக்கக் கூடாதுன்னு புள்ள சொல்லிருக்கு. பள்ளிக்கூடத்து விலாசம் வேணும்னா எழுதிக்குங்க" என்றார். மோர் கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் நாய்களுக்குத் தின்பண்டம் விற்கும் ஒரு கம்பெனி. முதலாளி ஒரு பெண்பிள்ளை, பெயர் ஹார்ப்பர். நெத்திலியை உப்புப் போடாமல் காயவைத்துக் கொடுத்தால் அங்கே நாய்கள் முறுக்கு மாதிரி கொறிக்குமாம். காரைக்கால்மேட்டில் காயவைக்கிற பெண்களிடம் சொன்னபோது, "உப்பில்லாமயா? யாருக்குய்யா காய்ச்சலு?" என்று சிரித்தார்கள். நாய்க்கு என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாய்க்கே இவ்வளவு செலவு செய்கிறவள் நமக்கு இன்னும் கொடுக்கட்டும் என்று விலையை ஏற்றியிருப்பார்கள்.

நம் மண்டி வழக்கம் உனக்குத் தெரியும், நாலு வருஷம் இந்த வீட்டில் இருந்தவள். மாதிரி மூட்டை அனுப்புவோம். பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். வைத்துக்கொண்டால் பேச்சு முடிந்தது; சொன்ன விலைக்குச் சரக்கு எடுத்தாகவேண்டும். முப்பது வருஷத்தில் ஒருவனும் இதில் புரண்டதில்லை. இந்த அம்மாள் நவம்பரில் வாங்கிய மூட்டையை இன்னும் வைத்திருக்கிறாள். அதை நம்பித்தான் நான் இறங்கினேன். உப்பில்லாத சரக்கை இந்தப் பக்கம் மனிதர் வாங்கமாட்டார்கள். மழைக்கு முன் கப்பலேறாவிட்டால் கோழித் தீவனத்துக்குத்தான் போகும்.

அவள் எழுதியதைச் சிநேகிதன் மதார் சாகிப் படிக்கப் படிக்கத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். சரக்கைக் கப்பலேற்றிவிடுகிற ஏஜெண்ட் அவன்தான். 'வீ ஆர் வெயிங் அப் அவர் ஆப்ஷன்ஸ். வீ வில் லுக் இன்டு தி டெஸ்ட் ரிசல்ட்ஸ் அண்ட் கெட் பேக் டு யூ. ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் அன்டில் தென்.'

வெயிட் எனக்குத் தெரியும், தினமும் போடுகிறேன். அப் என்றால் மேலே. சரக்கை எடை போடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். கெட் தெரியும், பேக் தெரியும். மூட்டையைத் திருப்புகிறாளோ என்று தபாலாபீசில் போய் விசாரித்தேன். ஹோல்ட் என்றால் பிடி. பிடிக்கச் சொல்கிறாளா, விடச் சொல்கிறாளா? போனில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்தால் 'தயவுசெய்து அணைத்துப் பிடிக்கவும்' என்று வருகிறது. மதார் சாகிப் சின்ன வயசில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். "பிரெஞ்சுல இந்த வம்பே கெடையாது செல்லையா. இவனுவதான் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாலக் கட்டி வுடுறானுவ" என்று கையை விரித்துவிட்டான்.

நீ இங்கிலீஷ் டீச்சர். அர்த்தம் எழுது. உன் நேரத்துக்குக் கூலி என்னவென்றும் எழுது, ஓசியில் வேலை வாங்கிப் பழக்கமில்லை.

அங்கே எல்லோரும் சுகம்தானே.

இப்படிக்கு,
செல்லையன்


ஓசூர்,
27 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பள்ளி அலுவலகத்தில் கிடைத்தது. வீட்டம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எல்லோரும் சுகமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே எல்லோரும் என்றால் இரண்டு பேர், நானும் என் மகள் நித்யஸ்ரீயும். இருவரும் சுகம்.

வெயிங் அப் என்றால் சரக்கை எடை போடுவதில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் யோசித்துப் பார்ப்பது. லுக் இன்டு என்றால் விசாரித்துப் பார்ப்பது. கெட் பேக் டு யூ என்றால் பிறகு பதில் சொல்வது. எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஹோல்ட் ஆஃப் என்றால் பொறுத்திருங்கள், இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். அதாவது அவர் உங்களைச் சரக்கு வாங்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டு வார்த்தையையும் தனித்தனியாகப் பிரித்து அர்த்தம் பார்க்காதீர்கள். தமிழிலும் நாம் இதைச் செய்கிறோம். ஒருவனைக் காட்டிக்கொடுத்தான் என்கிறோம், அதில் கொடுத்தது என்ன? விட்டுக்கொடு என்கிறோம், விடுவதா கொடுப்பதா என்று யாரும் கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதால் நமக்கு உறைப்பதில்லை. என்னிடம் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே இதில்தான் தடுமாறுகிறார்கள்.

மண்டி வழக்கம் மண்டிக்காரர்களுக்குத்தான் தெரியும். அந்த அம்மாவுக்கு யாராவது சொன்னீர்களா?

கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
அ. அல்லி


காரைக்கால்,
5 பிப்ரவரி 2024

அல்லிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். உன் கடிதத்தை மதார் சாகிபுக்குப் படித்துக் காட்டினேன். தாடியைத் தடவிக்கொண்டே, "அப்ப அந்தம்மா நில்லுன்னு சொல்லிருக்கு, நீ ஓடிருக்க" என்றான். இதைச் சொல்ல ஒரு சிநேகிதன்.

யாராவது சொன்னீர்களா என்று கேட்டிருந்தாய். சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாருக்காவது கடிதம் எழுதுவார்களா? மாதிரியை வைத்துக்கொண்டால் சரக்கு எடுக்கவேண்டும் என்பது தெரியாத ஒரு வியாபாரி பூமியில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று இன்னொன்று வந்தது. 'சம்திங் ஹாஸ் கம் அப். வீ மே ஹாவ் டு புட் ஆஃப் தி ஆர்டர். வீ டோன்ட் வான்ட் டு லெட் யூ டவுன்.' ஏதோ மேலே வந்தது என்கிறாள், கடலிலிருந்தா? புட் ஆன் என்றால் விளக்கைப் போடு, புட் ஆஃப் என்றால் அணைத்துவிடு என்றுதானே? ஆர்டரை அணைக்கிறாளா? உங்களைக் கீழே இறக்கமாட்டோம் என்கிறாளே, அது சரக்கையா என்னையா? படித்ததிலிருந்து எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் கிடங்கைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். காரைக்கால்மேட்டுப் பெண்கள், "கப்பலு எப்பண்ணே?" என்கிறார்கள். அடுத்த லோடு காயவைக்கட்டுமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல? ஹோல்ட் ஆஃப் என்றேன். அவர்களுக்கு மட்டும் புரிந்துவிடுமா?

'என் மகள்' என்று எழுதியிருந்தாய். சரிதான், உன் மகள்தான். நான் கடைசியாகப் பார்த்தபோது மூன்று வயசு. தராசுத் தட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதது.

கூலி வேண்டாமென்றால் விடுவேனா? தனியாக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உப்புப் போட்ட நல்ல நெத்திலி, நாய்க்குப் போகிறது இல்லை. அடியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தால் அது பஜாரில் கடைக்காரன் தவறிப் போட்டது. சிவப்புக் கலர். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு நேரமில்லை.

இப்படிக்கு,
செல்லையன்


ஓசூர்,
14 பிப்ரவரி 2024

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

கம் அப் என்றால் எதிர்பாராத வேலையோ சிக்கலோ வந்துவிட்டது என்று அர்த்தம். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. இங்கேயும் நாம் தள்ளுவதுமில்லை, போடுவதுமில்லை. லெட் டவுன் என்றால் நம்பியவரைக் கைவிடுவது. ஆக, உங்களைக் கைவிட அவருக்கு மனமில்லை, ஆனால் ஆர்டரைத் தள்ளிப்போட நேரலாம் என்கிறார். இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை.

பொட்டலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தவறாக நினைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
அ. அல்லி


காரைக்கால்,
24 பிப்ரவரி 2024

அல்லிக்கு,

பொட்டலம் வந்து சேர்ந்தது. விளங்கிவிட்டது. இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன். எழுதிக் கொடுத்த அர்த்தங்களுக்கு நன்றி. நாலு டன்னையும் நாமக்கல் தீவனக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

யாவரும் நலமாக இருக்கவேண்டும்.

செல்லையன்


ஓசூர்,
11 மார்ச் 2024

ஐயா,

வணக்கம். உங்கள் கார்டு வந்து நாளாகிவிட்டது. பரீட்சை வேலை என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

'விளங்கிவிட்டது' என்று எழுதியிருந்தீர்கள். என்ன விளங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகுதான், பேச்சில்லாமல் மூட்டையைத் திருப்பினால் உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது ஞாபகம் வந்தது. நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள் என்று நீங்கள் எழுதியது சரிதான். இருந்தும் மறந்திருக்கிறேன். அல்லது மறக்கவில்லை.

கருவாட்டைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சைவம். பொட்டலத்தைப் பிரித்த உடனே மாடியிலிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்து, "டீச்சர், ஏதாவது செத்துக் கிடக்குதுங்களா?" என்று கேட்டார்.

செருப்பைத் திருப்பி அனுப்பிய காரணம் வேறு. நித்யா கருவாட்டைத் தொடவில்லை, நேரே செருப்பைத்தான் எடுத்தாள். பாதிக் கால்தான் நுழைந்தது. குதிகால் வெளியே நிற்க, வீடு முழுக்கத் தட்டித் தட்டி நடந்தாள். "யாரும்மா வாங்கினது?" என்றாள். எனக்கு ஒரு பெயர் சொல்லத் தெரியவில்லை. தூங்கின பிறகு கழற்றிப் பொட்டலத்தில் வைத்துக் கட்டிவிட்டேன். காலையில் கேட்டாள். காணோம் என்றேன். செருப்பில் தொடங்குவது எதில் போய் முடியும் என்று எனக்குப் பயம். நீங்கள் ஒருவர் மட்டும் அந்த வீட்டில் இல்லை.

அந்த அம்மாவின் மெயில் விலாசத்தை அனுப்புங்கள். நானே எழுதிப் பார்க்கிறேன். மாதிரி மூட்டையின் வழக்கத்தை யாராவது அவரிடம் சொல்லியாகவேண்டும். அதுவரை தீவனக்காரருக்குக் கொடுக்காதீர்கள். ஹோல்ட் ஆஃப்.

அ. அல்லி


காரைக்கால்,
17 மார்ச் 2024

அம்மா அல்லி,

உன் கடிதம் வந்தபோது தீவனக்காரர் கடையில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். "என்னண்ணே, நேத்திக்கு ஒரு பேச்சு, இன்னிக்கி ஒரு பேச்சா?" என்றார். "வெயிங் அப்" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, எழுந்து போய்விட்டார்.

விலாசம் தனித்தாளில் இருக்கிறது. எழுதும்போது எனக்காகக் கெஞ்சாதே. வழக்கத்தை மட்டும் சொல். தெரியாமல் வைத்துக்கொண்டவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதேபோல் தெரிந்து வாங்கியவனை முட்டாள் என்று அவள் நினைக்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. நீ திருப்பிய பொட்டலம் கடைக்கு வராமல் வீட்டுக்கு வந்தது. சொர்ணத்திடம் நான் உனக்கு எழுதுகிறதைச் சொல்லியிருக்கவில்லை. பிரித்திருக்கிறாள். நான் சாப்பிட வந்தபோது செருப்பு இரண்டும் தையல் மெஷின் மேலே இருந்தன.

"இது யாருக்கு?" என்றாள்.

"கடைக்காரன் தவறிப் போட்டது" என்றேன்.

"அவன் தவறிப் போட்டான், அது ஓசூரு வரைக்கும் நடந்துபோயிட்டு வந்துச்சாக்கும்" என்றாள். பிறகு சோறு போட்டாள். பிறகு, "அளவு பத்தாதுங்க. அஞ்சு வயசுப் புள்ளைக்கு இதையா வாங்குவாங்க" என்றாள். பொட்டலத்தைத் தூக்கியெறிவாள், உன்னைப் பேசுவாள், என்னைப் பேசுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. அந்தக் காலத்தில் போனில் அவள் உன்னைப் பேசிய பேச்சுக்கும் இதற்கும் எப்படி முடிச்சுப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் வார்த்தையாவது உனக்கு எழுதிக் கேட்கலாம்.

செருப்பு இன்னும் மெஷின் மேலேதான் இருக்கிறது. தைக்கும்போது எடுத்துக் கீழே வைக்கிறாள், தைத்து முடித்ததும் மேலே வைத்துவிடுகிறாள்.

என் மகன் மணிபாரதி துபாயில் இருக்கிறான். அவனைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீயும் கேட்கவேண்டாம்.

இப்படிக்கு,
செல்லையன்


ஓசூர்,
30 மார்ச் 2024

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நித்யாவுக்கு இரண்டு நாள் சளி இருந்தது, இப்போது இல்லை. அத்தைக்கு முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். மெஷினை ரொம்ப நேரம் மிதிக்கவேண்டாம்.

ஹார்ப்பர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. நீளமாக எழுதியிருக்கிறார். மாதிரி மூட்டையை வைத்துக்கொண்டால் வாங்கியதாக அர்த்தம் என்பதைப் படித்துத் திகைத்துப்போனாராம். வழக்கம் தெரிந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன் என்கிறார். இப்போது திருப்ப முடியாது. அவருடைய நாய்களும் தெருவிலுள்ள நாய்களும் 'வுல்ஃப்ட் இட் டவுன்' என்று எழுதியிருக்கிறார். ஓநாய் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஓநாயும் வரவில்லை, யாரும் கீழேயும் போகவில்லை. ஒரே வாயில் விழுங்கிவிட்டன என்று அர்த்தம். சரக்கு நல்ல சரக்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி இல்லை.

அவர் கிடங்கில் கூரை ஒழுகிப் பாதிச் சரக்கு வீணாகியிருக்கிறது. போன கடிதத்தில் 'கம் அப்' என்றது அதைத்தான். பரிசோதனை முடிவு நன்றாக வந்திருக்கிறது. 'வீ வோன்ட் பேக் அவுட்' என்கிறார், பின்வாங்கமாட்டோம் என்று. 'லெட்ஸ் வொர்க் சம்திங் அவுட்' என்கிறார், இருவருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஏதாவது பேசி முடிப்போம் என்று. கடைசியில் 'ஐ வில் ரன் இட் பை மை ஹஸ்பண்ட்' என்றிருக்கிறது. புருஷன் கூட ஓடப்போவதில்லை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். விலையைச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்.

மாமா, இன்னொன்று. நீங்கள் நாலு டன்னைப் பற்றி எழுதினீர்கள், காரைக்கால்மேட்டுப் பெண்களைப் பற்றி, மதார் சாகிபைப் பற்றி, தராசுத் தட்டைப் பற்றிக்கூட எழுதினீர்கள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அனுப்பினால் பார்த்துக்கொள்ளட்டும், வைத்துக்கொண்டால் சரி, திருப்பினால் சரி என்று செருப்பை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஹார்ப்பர் அம்மாவிடம் செய்ததையே என்னிடமும் செய்தீர்கள். கேட்டால்தானே என்னால் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல முடியும்?

அன்புடன்,
அல்லி


காரைக்கால்,
7 ஏப்ரல் 2024

அம்மா அல்லி,

நலம். உன் கடிதத்தின் முதல் வரியில் இருந்த சொல்லைச் சொர்ணத்துக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை, "போதும், காது கேக்குது" என்றாள். வெந்நீர் ஒத்தடத்துக்கு அன்றைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

கேட்கச் சொன்னாய். நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஏலத்தில் நூறு பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்கிறவன் நான். இதைக் கேட்க வரவில்லை. கேட்டு இல்லையென்று வந்தால், மறுபடி கேட்க வேறு சரக்கு என்னிடம் இல்லை. கேட்காதவரைக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். இந்த வயசில் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி எனக்குள்ளே இருக்கிறான் என்று தெரியாமல் இருந்தேன்.

சரி, கேட்கிறேன். குழந்தையை நான் பார்க்கவேண்டும். சொர்ணமும் பார்க்கவேண்டும். மே மாதம் முதல் தேதிக்குக் கொண்டுவந்து விடு, மாங்கனித் திருவிழா முடிந்து நானே கொண்டுவந்து விடுகிறேன். சாமி ஊர்வலம் வரும் பவழக்கால் சப்பரத்தை என் தோளில் உட்கார்ந்து பார்க்கட்டும். மாம்பழம் இறைக்கும்போது பிடித்துக் கொடுக்கிறேன்.

இது என் விலை. அதிகம் என்று எனக்கே தெரியும். நீ குறைத்துக் கேள்.

ஹார்ப்பர் அம்மாளுக்கு எழுதவேண்டியது தனித்தாளில் இருக்கிறது. அவளிடமும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செல்லையன்


ஓசூர்,
16 ஏப்ரல் 2024

மாமாவுக்கு,

வணக்கம். இங்கே சுகம். வெயில் தாங்கவில்லை.

ஹார்ப்பர் அம்மாவின் பதிலை இத்துடன் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அவர் கணவர் ஒப்புக்கொண்டாராம். நீங்கள் ஏற்றிச் சொன்னதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மாங்கனிக்கு முடியாது. ஜூனில் பள்ளி திறந்துவிடும், நித்யா ஒன்றாம் வகுப்புப் போகிறாள். ஒன்றரை மாதத்துக்கு விடுகிற துணிவும் எனக்கில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: உங்களை நம்புகிறேன், அந்த வீட்டை இன்னும் நம்பவில்லை. துபாயிலிருந்து ஒருவர் திடீரென்று வந்து இறங்கினால், 'வந்த பிள்ளை இருக்கட்டுமே' என்று யாராவது சொன்னால், நான் ஓசூரிலிருந்து என்ன செய்வேன்? இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. எழுதாமல் அனுப்புவது அதைவிடக் கஷ்டம்.

மூன்று நாள். நானும் கூட வருவேன். எங்கள் அப்பா வீட்டில் தங்குவோம். பகலில் கொண்டுவருகிறேன், விளக்கு வைப்பதற்குள் அழைத்துப்போய்விடுவேன். அவள் அப்பாவைப் பற்றி அவளாகக் கேட்டால் ஊரில் இல்லை என்று மட்டும் சொல்லவேண்டும்.

செருப்பை யார் வாங்கினார்கள் என்று இப்போது சொல்லிவிட்டேன். "தாத்தாவுக்கு என் காலு தெரியாதா?" என்று கேட்டாள்.

இதுதான் என்னால் முடிவது. நீங்களும் குறைத்துக் கேட்கலாம், கூட்டியும் கேட்கலாம். ஆனால் வாயால் கேளுங்கள். மூட்டை எதையும் அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
அல்லி


காரைக்கால்,
23 ஏப்ரல் 2024

அன்புள்ள மருமகள் அல்லிக்கு,

அந்தச் சொல் செல்லுமோ செல்லாதோ, எழுதிவிட்டேன். செல்லாவிட்டால் அடித்துவிட்டுப் படி.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இங்கேயும் இரண்டு பேர்தான். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, படகெல்லாம் கரையில் கிடக்கிறது. காரைக்கால்மேட்டுப் பெண்களுக்குக் கப்பல் தேதியைச் சொன்னேன். நாய்க்குத்தான் போகிறது என்பதையும் சொல்லிவிட்டேன், இனிமேல் எதையும் மறைத்து ஆகப்போவதில்லை. அரைநாள் சிரித்தார்கள். "அந்த நாயாப் பொறந்துருக்கலாம்ணே" என்றாள் ஒருத்தி. அடுத்த லோடுக்கு விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். எதிர்பார்த்ததுதான்.

உன் நிபந்தனைகளைச் சொர்ணத்துக்குப் படித்தேன். 'அந்த வீட்டை நம்பவில்லை' என்ற இடத்தில் நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன், நிறுத்தவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் கழித்து வந்து, "மூணு நாளுங்கறத அஞ்சாக் கேளுங்க. ராத்திரிக்குப் போலகத்துலயே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். கோபமா, வருத்தமா, ஒப்புக்கொண்டாளா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்கச் சொன்னாள், கேட்கிறேன். போலகத்தில் உன் அப்பாவையும் போய்க் கேட்டேன். இந்தத் தடவை நாற்காலி போட்டார். "அஞ்சு நாளுன்னா அஞ்சு நாளு. புள்ளை சரின்னா எனக்கும் சரி" என்றார். மறுநாள் நீ அவரிடம் போனில், மே பத்தாம் தேதி வருவதாகவும் ஐந்து நாளும் சரி என்றும் சொன்னதாக ஆள் அனுப்பிச் சொன்னார்.

ஆகவே பேசி முடித்ததை இரண்டு பேருக்கும் ஞாபகத்துக்காக எழுதி வைக்கிறேன். மூட்டை அனுப்பவில்லை.

ஹார்ப்பர் அம்மாளுக்கு: இரண்டு டன் இந்த மாசக் கப்பலில், மீதி இரண்டு டன் ஜூலையில். சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டேன். அதுவரை காற்றுப் புகாத பையில் கட்டி வைக்கும் செலவு என்னுடையது. இனி மாதிரி அனுப்பும்போது வழக்கத்தை ஒரு தாளில் எழுதி மூட்டைக்குள் வைக்கவேண்டியது.

நித்யஸ்ரீக்கு: மே பத்தாம் தேதி தொடங்கி ஐந்து நாள். நீ கூட இருப்பாய். பகல் காரைக்காலில், ராத்திரி போலகத்தில். அவள் அப்பனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை. கேட்டால் ஊரில் இல்லை. அவன் வருகிறான் என்று தெரிந்தால் அன்றைக்கே உனக்குச் சொல்லவேண்டியது என் பொறுப்பு. தராசுத் தட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். செருப்பு பஜாரில் அவளே காலை விட்டுப் பார்த்து எடுப்பாள், கலரும் அவள் சொல்வதுதான்.

மாமா
செல்லையன்